திருச்சியில் வாடகைக்கு வீடு: எந்தப் பகுதி, என்ன வாடகை, மாதம் எவ்வளவு ஆகும்

தில்லை நகரில் ஒரு டு-லெட் பலகை: டபுள் பெட்ரூம், முதல் மாடி, கார் நிறுத்த இடம் உண்டு, 18,000 ரூபாய். அதே வாரம் தஞ்சாவூர் ரோட்டில் காட்டூரில் இன்னொரு பலகை. அதுவும் டபுள் பெட்ரூம், அதுவும் முதல் மாடி, 7,500. இரண்டையும் கூட்டி வகுத்தால் 12,750 வருகிறது. அந்தச் 'சராசரி வாடகை'க்குத் தில்லை நகரில் வீடு கிடைக்காது. காட்டூரில் அவ்வளவு கொடுத்தால் ஏமாந்தவர் என்பார்கள்.

"திருச்சியில் வாடகை எவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே எண்ணாகப் பதில் சொல்லாமல் இழுப்பது இதனால்தான். சென்னையிலிருந்து இங்கே வந்து மூன்று வீடு மாறிவிட்டேன். முதல் வீட்டை வாடகை குறைவு என்பதற்காக மட்டும் பிடித்தேன். பெட்ரோலிலும் தண்ணீர் கேனிலும் அந்தக் குறைவு எல்லாம் கரைந்துபோனது. திருச்சியில் உண்மையில் மலிவாகக் கிடைப்பது தூரம். வீடு, வேலை, பள்ளி, காய்கறிக் கடை எல்லாவற்றையும் நாலைந்து கிலோமீட்டருக்குள் அடக்கிவிட முடிகிற ஊர் இது. அதை விட்டுவிட்டு ஊர்க்கோடியில் 3,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனால், சென்னையை விட்டு வந்ததற்கு அர்த்தமே இல்லை.

முதல் படி: ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

வடக்கே காவிரி, அதற்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் இருக்கிற தீவு, தீவுக்கு வடக்கே கொள்ளிடம். காவிரிக்குத் தெற்கே மலைக்கோட்டை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, தெப்பக்குளம், கடைவீதி. அங்கிருந்து தெற்கே வந்தால் தில்லை நகர், புத்தூர், கண்டோன்மென்ட், ஜங்ஷன், மத்திய பஸ் நிலையம். இன்னும் தெற்கே கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர், கே.கே. நகர், ஏர்போர்ட். கிழக்கே தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், பெல் நிறுவனம், துவாக்குடியில் என்.ஐ.டி. மேற்கே உறையூர், வயலூர் ரோடு.

இந்தப் படத்தில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மதுரை ரோட்டில் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பஸ் முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பஸ்கள் ஓடத் தொடங்கின. வெளியூர் பஸ் பிடிக்க மத்திய பஸ் நிலையத்துக்கு நடந்து போகலாம் என்று கண்டோன்மென்டில் கூடுதல் வாடகை கொடுத்தவர்களுக்கு அந்தக் காரணம் பாதி போய்விட்டது. எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்காரர்களோ 'பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே' என்று வாடகையை ஏற்றிச் சொல்கிறார்கள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர், அந்த ஒரு நாளுக்காக முப்பது நாள் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பகுதி வாரியாக வாடகை

கீழே உள்ளவை நானும் தெரிந்தவர்களும் அண்மையில் பேசி முடித்த அல்லது கேட்டு விட்டுவந்த வாடகைகள். எல்லாம் டபுள் பெட்ரூமுக்கு. தெருவுக்குத் தெரு ஆயிரம், இரண்டாயிரம் ஏறும் இறங்கும்.

தில்லை நகரும் கண்டோன்மென்டும்தான் உச்சம்: 15,000 முதல் 25,000 வரை. தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் பாதிக்கு மேல் இப்போது மருத்துவமனையும் கிளினிக்கும்தான். டாக்டர்களும் கடைக்காரர்களும் போட்டி போடும் இடத்தில் குடும்பக்காரர் பேரம் பேசி ஜெயிப்பது கஷ்டம். வயதான பெற்றோருக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தால் மட்டும் இந்த வாடகை நியாயம். இல்லாவிட்டால் பத்து நிமிடம் தள்ளி உறையூரிலோ புத்தூரிலோ 9,000 முதல் 14,000க்கு வீடு இருக்கிறது.

கே.கே. நகர் 10,000 முதல் 15,000. அகலமான தெரு, மரம், உழவர் சந்தை எல்லாம் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் அதிகம், அதனால் இரவு ஒன்பதுக்கு மேல் தெரு அடங்கிவிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது, என் மகளுக்குப் பிடிக்கவில்லை. வயலூர் ரோட்டில் புது அடுக்குமாடிகள் நிறைய. 11,000 முதல் 16,000, அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம். கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர் 8,000 முதல் 12,000. திருவெறும்பூர், காட்டூர் 6,000 முதல் 9,000. கொள்ளிடத்துக்கு வடக்கே நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் அதைவிடவும் குறைவாகக் கேட்டிருக்கிறேன். சிங்கிள் பெட்ரூம் என்றால் எங்கும் இதில் மூன்றில் இரண்டு பங்கு போடுங்கள்.

ஸ்ரீரங்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 9,000 முதல் 15,000 வரை இருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பழைய வீடுகளில் போர்ஷன் கிடைக்கும்: வாசலில் நுழைந்தால் கொல்லைப்புறம் வரை ஒரே நேர்கோட்டில் போகும் ரயில் பெட்டி வீடு. வெயில் காலத்தில் ஏசி இல்லாமல் சமாளிக்க முடிகிற வீடுகள் அவை. ஆனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் உங்கள் வீட்டுக்கு நீங்களே சுற்றிச் சுற்றி நடந்து வர வேண்டியிருக்கும். பலகையிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கும் இடங்களும் உண்டு.

அது ஸ்ரீரங்கத்தோடு நிற்கவில்லை. ஊரில் பல இடங்களில் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள், "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு நான் போனில் பேசி உறுதி செய்த வீடு, அவர் பெயரைச் சொன்னதும் 'நேத்தே முடிஞ்சிடுச்சு' ஆனது. பேச்சுலர்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் பாதிக் கதவு மூடியே இருக்கும். இது நியாயம் என்று சொல்லவில்லை. பெயரையும் யார் யார் குடியிருக்கப் போகிறோம் என்பதையும் முதல் போனிலேயே சொல்லிவிட்டால் வீணாக அலைவது மிச்சம், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பயணத்தை வாடகையோடு கூட்டுங்கள்

ஒரு தாளில் வாடகையை எழுதுங்கள். பக்கத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய். சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய் போடுங்கள். காட்டூரிலிருந்து தில்லை நகர் வேலைக்குப் போய்வர 22 கிலோமீட்டர் என்றால், மாதம் 25 நாளுக்கு 1,650. கணவன் மனைவி இருவரும் வேறு வேறு வண்டியில் போனால் 3,300. காட்டூருக்கும் உறையூருக்கும் இடையிலான வாடகை வித்தியாசம் கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது.

பணத்தை விடப் பெரியது பாதை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் ரோட்டில் சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஸ்கூட்டர் ஓட்டிப் பிள்ளையைப் பள்ளியில் விடுவதை ஒருமுறை காலை எட்டரை மணிக்குச் செய்து பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். அதே சமயம் பெல்லிலோ துவாக்குடியிலோ நவல்பட்டு ஐ.டி. பூங்காவிலோ வேலை என்றால் கணக்கு தலைகீழ்: திருவெறும்பூர்தான் உங்களுக்குச் சரி, தில்லை நகர் வீண்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஆபத்து பாலம். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஆறு மாதமும் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போனவர்களைக் கேளுங்கள். வேலை ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்றால் வீடும் இந்தப் பக்கமே இருப்பது நல்லது.

டவுன் பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆனால் ஒன்று: திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் அதிகம். சத்திரத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையே அடுக்கி வருபவற்றில் பல தனியார் பஸ்கள்தான், அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். 'பஸ் செலவே இல்லை' என்று கணக்குப் போடும் முன், உங்கள் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்று எந்த பஸ் வருகிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: காலம் பார்த்துத் தேடுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வீடு நிறையக் காலியாகும், தேடுபவரும் நிறைய. பள்ளி மாறும் பருவம் என்பதால் வாடகை இறங்காது. உண்மையான பேரம் ஆடியிலும் மார்கழியிலும். அந்த மாதங்களில் யாரும் குடி போக மாட்டார்கள்; வீட்டுக்காரருக்கோ வீடு சும்மா கிடக்கும். துணிக்கடை மட்டும்தானா ஆடித் தள்ளுபடி தரும்? ஆனி கடைசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, ஆடியில் சாமானை ஏற்றிக்கொள்ளலாம். என் இரண்டாவது வீட்டுக்கு 11,500 கேட்டார்கள். ஆடி முதல் வாரத்தில் 10,000க்கு ஒத்துக்கொண்டார்கள்.

இணையத்தில் வீடு தேடுவது விலை தெரிந்துகொள்ள உதவும், வீடு பிடிக்க அவ்வளவாக உதவாது. ஓனர் என்று போட்டிருக்கும் எண்ணில் பாதி புரோக்கர்தான் எடுக்கிறார்; கமிஷன் ஒரு மாத வாடகை. நான் செய்தது இது: பகுதியை முடிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்தேன். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன். எந்த வீட்டில் யார் காலி செய்யப் போகிறார்கள், எந்த ஓனர் தினமும் சண்டை போடுவார், எந்தத் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், மூன்றும் அவருக்குத் தெரியும். பலகை மாட்டும் முன்பே வீடு கிடைத்தது.

ஐந்தாம் படி: வீட்டைப் பார்க்கும் முறை

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வீட்டுக்காரர் மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்வார். நீங்கள் மதியம் இரண்டரைக்குப் போங்கள். திருச்சி வெயில் ஏப்ரலிலும் மேயிலும் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால், படுக்கையறையில் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். கை சுட்டால், இரவு பன்னிரண்டு மணி வரை அந்தச் சுவர் சூட்டைக் கக்கும். ஏசியை நிறுத்தவே முடியாது.

அதன் விலை கரண்ட் பில்லில் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை பறிபோவதுதான் காரணம். ஆகவே வீட்டுக்காரரிடம் பழைய பில்லைக் கேளுங்கள், அதுவும் மே, ஜூன் பில்லை. டிசம்பர் பில்லைக் காட்டி 'ஐந்நூறு ரூபாய்தான் வரும்' என்பார்கள்.

இன்னொன்று, உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்தே பிரித்து அளக்கும் சப் மீட்டரா என்று பாருங்கள். என் முதல் வீட்டில் சப் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு அதன் கனம் புரியவில்லை. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடியது, 2,700 கொடுத்தேன். தனி இணைப்பாக இருந்திருந்தால் அதே 300 யூனிட்டுக்கு எழுநூறு ரூபாயைத்தான் ஒட்டியிருக்கும். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் வாடகை ஏறியது போல, ஆனால் ஒப்பந்தத்தில் அது எங்கேயும் இல்லை.

அடுத்தது தண்ணீர். மாநகராட்சி காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகையில் இருந்து எடுத்துத் தருகிறது. காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் கேன் வாங்கவே தேவையில்லை. "காவிரித் தண்ணி வருமா?" என்று கேட்டால் எல்லோரும் "வரும்" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், மாடிக்கு ஏறுமா, சம்ப் தனியா பொதுவா?" பிறகு குளியலறைக் குழாயைப் பாருங்கள். ஷவர் ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர். துணி சாயம் போகும், தலைமுடி சிக்காகும், கீசர் சீக்கிரம் பழுதாகும். ஊரைச் சுற்றிய புது விரிவாக்கப் பகுதிகளில் இது அதிகம்.

மழையையும் விசாரிக்க வேண்டும். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் உடைத்துக்கொண்டு வந்ததில் உறையூர், கருமண்டபம், வயலூர் ரோடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கரையை உயர்த்தியிருக்கிறார்கள், இருந்தாலும் தரைத் தளத்து வீடு என்றால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் 'எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார். அரியமங்கலம் பக்கம் பார்ப்பவர்கள் குப்பைக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று மாலையில் ஒருமுறை போய் நின்றுவிட்டு வரலாம்.

ஆறாம் படி: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

வீட்டுக்காரர்கள் ஐந்து முதல் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த 'வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்' என்பதில்தான் பத்து மாதம் நுழைந்துகொள்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, "மூன்று மாதம் தருகிறேன், வாடகையை ஒன்றாம் தேதியே போட்டுவிடுகிறேன்" என்று பேசுவதில் பலன் அதிகம். நான் ஐந்தில் முடித்தேன். சட்டம் தெரிந்தவர் என்று தெரிந்தால் வீடே கொடுக்க மாட்டார்கள் என்கிற யதார்த்தமும் இருக்கிறதே.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டம். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். '11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு வேண்டாம்' என்று ஜெராக்ஸ் கடையில் சொல்வது பழைய பதிவுச் சட்டத்தை மனதில் வைத்து. இந்தச் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். ஒன்று, பெயிண்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை 'பெயிண்டிங்குக்கு' என்று பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், ஸ்விட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடியிருப்பவர் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் செல்லும். இரண்டு, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்: 5 சதவீதம் என்பது சாதாரணம், 10 என்று இருந்தால் பேசுங்கள். மூன்று, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அது இருவருக்கும் ஒரே அளவா.

சம்பளக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்குச் சலுகை கேட்பவர், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். மாதம் 8,333க்கு மேல் போனாலே தாண்டிவிடும். பான் கேட்டதும் முகம் மாறும் வீட்டுக்காரர்கள் நிறைய. அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்காதீர்கள், முன்பே கேளுங்கள்.

மத்திய அரசு ஊழியர்கள் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தால் வீட்டு வாடகைப்படியே குறையும்: அந்தப் படிக்கான பிரிவில் சென்னை எக்ஸ் வகை நகரம், திருச்சி ஒய் வகை. 2024 ஜனவரியிலிருந்து முறையே 30, 20 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் 15,000 வந்த இடத்தில் 10,000 வரும். சென்னை ஞாபகத்தில் தில்லை நகர் வீட்டைப் பிடித்தால், மலிவான ஊருக்கு வந்து கைக்காசு போடுவீர்கள்.

ஏழாம் படி: மாதச் செலவைப் போட்டுப் பாருங்கள்

உறையூரில் டபுள் பெட்ரூமில் நான்கு பேர் குடும்பம், இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக். எங்கள் வீட்டு நோட்டிலிருந்து ஒரு சாதாரண மாதம்: வாடகை 12,000, பராமரிப்பு 1,000, கரண்ட் மாதக் கணக்கில் 900, கேஸ் 900, மளிகை 8,000, காய்கறி பழம் 3,000, பால் 1,650, கறி மீன் 2,000, பெட்ரோல் 2,500, போனும் இன்டர்நெட்டும் 1,500, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,000, தண்ணீர் கேன் 350. மொத்தம் 35,800. பள்ளிக் கட்டணம், மருந்து, ஊர்ப் பயணம், கல்யாண மொய் இதில் இல்லை. முகூர்த்த மாதத்தில் மொய் மட்டுமே கேஸையும் கரண்டையும் சேர்த்த தொகையைத் தாண்டும்.

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் இருந்தபோது இதே அளவு வீட்டுக்கு 21,000 கொடுத்தேன். பெட்ரோல் இரண்டு மடங்கு, வேலைக்கு வருபவருக்கும் கூடுதல். ஆனால் மளிகை? பாக்கெட்டில் அச்சடித்த விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சோப்பும் பருப்பும் செல்போன் ரீசார்ஜும் திருச்சிக்கு என்று குறையாது. ஊர் மாறினால் எல்லாம் பாதியாகும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். குறைவது வாடகை, பயணம், ஆள் கூலி, பச்சைக் காய்கறி. மற்றதெல்லாம் அதே செலவு.

காய்கறியில் குறைக்க உழவர் சந்தைக்குக் காலை ஏழுக்குள் போங்கள், தென்னூரிலும் கே.கே. நகரிலும் இருக்கிறது. காந்தி மார்க்கெட் இன்னும் மலிவு, ஆனால் இரண்டு கிலோ வெங்காயத்துக்காக அந்த நெரிசலில் வண்டியை விட்டால், பார்க்கிங் தேடும் நேரத்துக்கு வெங்காயமே மேல். மாதம் ஒருமுறை வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு போல் கெடாத பொருளை மொத்தமாக வாங்க மட்டும் அங்கே போகிறேன்.

ரேஷன் கார்டை அலட்சியம் செய்யாதீர்கள். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் மாதம் இருநூறு ரூபாய் மிச்சம். முகவரி மாற்றத்தை உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் செய்யலாம். ஆதாரில் புது முகவரி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

எட்டாம் படி: சாவி வாங்கிய நாள்

சாமான் இறங்கும் முன் மீட்டரை போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு மாத பில்லில் பழைய குடியிருப்பவர் ஓட்டிய யூனிட்டும் சேர்ந்தே வரும். போட்டோ இருந்தால் பிரித்துக் கொடுக்கலாம். அப்படியே சுவர்க் கறை, உடைந்த டைல்ஸ், கீறிய கதவு, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அதே வாட்ஸ்அப்பில் போடுங்கள். மூன்று வருடம் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது 'இந்த டைல்ஸை நீங்கதானே உடைச்சீங்க?' என்று கேட்பார்கள். நான் அந்தக் கேள்விக்கு 4,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். டைல்ஸ் நாங்கள் வரும் முன்பே உடைந்திருந்தது, என்னிடம் படம்தான் இல்லை.